நான்கு நிறத்தில் ஒரு 350

1968-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த நான்கு கார்களை வரிசையாக நிறுத்துவோம். நான்கிலும் 350 என்று எண்ணிட்ட வி-8 எஞ்சின் இருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் போதும், எது யாருடைய எஞ்சின் என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். ஆரஞ்சு என்றால் ஷெவர்லே. பொன்னிறம் என்றால் ஓல்ட்ஸ்மொபீல். மினுமினுக்கும் வெளிர்நீலம் என்றால் பான்டியாக். சிவப்பு என்றால் ப்யூக். எண் ஒன்றுதான், முதலாளியும் ஒருத்தர்தான், நிறம் மட்டும் நான்கு.

1977-ல் அந்த நான்கு பிரிவுகளின் கார்களையும் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே நீலம். பழைய கார் ரசிகர்கள் இன்றும் அதை ‘கார்ப்பரேட் நீலம்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லும் தொனியிலேயே ஒரு சலிப்பு இருக்கும். அதே 1977-ல்தான், ஓல்ட்ஸ்மொபீல் கார் வாங்கிய பலர் தங்கள் காருக்குள் இருப்பது ஓல்ட்ஸ்மொபீல் எஞ்சினே இல்லை என்று தெரிந்துகொண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

எஞ்சினுக்கு அடிக்கும் பெயின்ட் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று கேட்கலாம். காரின் வெளிப்புற நிறத்தைத் தெருவே பார்க்கிறது. எஞ்சினின் நிறத்தைப் பார்ப்பது மெக்கானிக் ஒருவர்தான். அப்படியிருந்தும் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்த நிறத்துக்காக மனிதர்கள் சண்டை போடுகிறார்கள். ஏன் என்று பார்த்தால், ஒரு பொருளை வாங்கும்போது நாம் உண்மையில் எதை வாங்குகிறோம் என்ற கேள்வியில் போய் முட்டுகிறோம்.

இரும்பும் பெயின்ட்டும்

முதலில் எளிய காரணம். அந்தக் கால எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பில் செய்தது. வார்ப்பிரும்பைச் சும்மா விட்டால் துருப் பிடிக்கும். ஆகவே பெயின்ட். அவ்வளவுதான்.

ஆனால் எந்தப் பெயின்ட்டும் அங்கே நிற்காது. எஞ்சின் தினமும் குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்கிறது. உள்ளே ஓடும் குளிர்விப்பு நீர் நூறு டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரும்பு விரியும்போது மேலே இருக்கும் பெயின்ட்டும் கூடவே விரிய வேண்டும், இல்லாவிட்டால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பெட்ரோல் சிந்தும், எண்ணெய் கசியும், ரேடியேட்டர் நீர் தெறிக்கும். மூன்றையும் தாங்க வேண்டும். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதையே வேறு. அங்கே வெப்பம் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். சாதாரண எஞ்சின் பெயின்ட்டை அங்கே அடித்தால் முதல் பயணத்திலேயே புகைந்து கருகிவிடும்.

கறுப்பு அடித்தால் சூடு சீக்கிரம் இறங்கும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. காற்றால் குளிரும் பைக் எஞ்சினின் செதில்களுக்கு இது ஓரளவு பொருந்தும். கார் எஞ்சினின் வெப்பமோ பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகவும் புகையோடும்தான் வெளியேறுகிறது. மேலும், வெப்பம் கதிராக வெளியேறுவது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைகளில். அங்கே ஆரஞ்சு, நீலம், கறுப்பு எல்லாப் பெயின்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறம்தான் கொஞ்சம் விலக்கு. ஆக, எஞ்சினுக்குப் பெயின்ட் வேண்டும், ஆனால் எந்த நிறம் என்பது இயந்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. மனிதனுக்குத்தான் அது பொருட்டு.

கார் உலகில் நிறம் என்பதே கொஞ்சம் தாமதமாக வந்த விஷயம்தான். ஃபோர்டின் மாடல் டி 1908-ல் வந்தபோது பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் ஏறக்குறைய பத்து வருடம் கறுப்பு மட்டும்தான். 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக வந்து இறங்கியது. அதுவரை வாரக்கணக்கில் காய வைக்க வேண்டியிருந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. நம்ம ஊர் பட்டறைகளில் இன்றும் ஸ்ப்ரே வேலையை ‘டூக்கோ பெயின்டிங்’ என்கிறார்களே, அந்தச் சொல்லின் பூர்வீகம் இதுதான். நிறம் மலிவானதும், நிறத்தை வைத்து வியாபாரம் செய்யலாம் என்றானது.

ஏணியின் படிகள்

அந்த வியாபாரத்தை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார். எல்லோருக்கும் ஒரே கார் என்ற ஃபோர்டின் வழிக்கு எதிராக, ஒவ்வொருவர் பைக்கும் ஒரு கார் என்பது அவர் கணக்கு. முதல் வேலை கிடைத்ததும் ஷெவர்லே. கொஞ்சம் காசு சேர்ந்ததும் பான்டியாக். பிறகு ஓல்ட்ஸ்மொபீல். மேலதிகாரி ஆனால் ப்யூக். உச்சியில் கெடிலாக். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அவர் வாசலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஏணி வெறும் பெயர்ப் பலகையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பொறியாளர்கள், தனி எஞ்சின் வடிவமைப்பு, அதைப் பற்றித் தனிப் பெருமை. ஓல்ட்ஸ்மொபீல் 1949-ல் ‘ராக்கெட்’ என்ற வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. ஷெவர்லேயின் சிறிய வி-8 1955-ல் 265 கன அங்குல அளவில், ஆரஞ்சு நிறத்தில் வந்தது. ஒரே நிறுவனத்துக்குள் இருந்த பிரிவுகள் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரி ஒன்றோடொன்று போட்டி போட்டன.

அந்தப் போட்டியின் உச்சம்தான் அந்த நான்கு 350. ஷெவர்லே 1967-லும் மற்ற மூன்றும் 1968-லும் கொண்டுவந்தவை. 350 கன அங்குலம் என்பது சுமார் 5.7 லிட்டர். எட்டு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு. ஆனால் அந்த எண்ணை ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் போய்த் தொட்டார்கள். ஷெவர்லேயில் சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 3.48. ஓல்ட்ஸ்மொபீலில் 4.057 விட்டம், 3.385 பயணம். ப்யூக்கில் விட்டம் 3.80 தான், பயணம் 3.85. பான்டியாக்கில் 3.875-க்கு 3.75. இந்தக் கடைசியைப் பெருக்கிப் பார்த்தால் 354 வரும். போகட்டும், பக்கத்து வீட்டுக்காரன் 350 என்று சொல்லும்போது நாமும் 350 என்று சொல்லிவிடுவதுதானே!

ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றில் நுழையாது. தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் ப்யூக்கில் எஞ்சினின் முன்பக்கம் இருக்கும், மற்ற மூன்றிலும் பின்பக்கம். என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வோம். ஒரே வேலையைச் செய்ய, ஒரே கம்பெனிக்குள், நான்கு குழுக்கள் எழுதிய நான்கு நிரல்கள். ஒரு வரிகூடப் பகிர்ந்துகொள்ளவில்லை. இதைப் பார்க்கும் எந்த மேலாளருக்கும் கை துறுதுறுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடு என்பார்.

ஃபோர்டு அதை முன்பே செய்திருந்தது. அங்கே ஃபோர்டு, மெர்க்குரி பிரிவுகள் எஞ்சினைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். 1960-களின் முதல் பாதியில் ஃபோர்டு எஞ்சின்களில் தெரிந்த நிற வேறுபாடு அளவைக் காட்டியது, குடும்பப் பெயரைக் காட்டவில்லை. 1966-ல் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் என்று முடிவெடுத்தார்கள். யாரும் வழக்குப் போடவில்லை. யாருக்கும் எதுவும் வாக்களிக்கப்பட்டிருக்கவில்லை.

1977

ஜெனரல் மோட்டார்ஸை அந்த முடிவுக்குத் தள்ளியவை எழுபதுகளின் நெருக்கடிகள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபின், விற்கும் ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் அரசின் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நான்கு 350 என்றால் நான்கு தடவை செலவு. 1973-ல் எண்ணெய்த் தடை. 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம். 1978 மாடல் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 18 மைல் ஓடியாக வேண்டும் என்று கெடு விதித்தார்கள். பிரிவுகளின் தனித்தன்மை கட்டுப்படியாகாத ஆடம்பரமாகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விற்க ஆரம்பித்தன. 1976-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ். ராக்கெட் 350 எஞ்சினுக்கு அவ்வளவு கிராக்கி. ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஷெவர்லேயிடம் 350 இருந்தது. அதே 5.7 லிட்டர். அதே 170 குதிரைத்திறன். 1977 மாடல் டெல்டா 88 கார்களில் அதைத் தூக்கி வைத்தார்கள். வாங்குபவர்களிடம் சொல்லவில்லை.

சிகாகோவில் டெல்டா 88 வாங்கிய ஒருவர் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டார். ஓல்ட்ஸ்மொபீலுக்கான பாகங்கள் அதில் பொருந்தவில்லை. ஏன் என்று பார்த்தால், எஞ்சின் ஷெவர்லேயுடையது. புகார் இல்லினாய் மாநில அரசு வழக்கறிஞர் வில்லியம் ஸ்காட்டிடம் போனது. அவர் வழக்குத் தொடுத்தார். மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. பத்திரிகைகள் ‘ஷெவிமொபீல்’ என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தன.

1977 டிசம்பரில் ஒரு சமரசம் எட்டப்பட்டது. சுமார் 67,000 வாடிக்கையாளர்களுக்குத் தலா 200 டாலர், கூடவே 36 மாதம் அல்லது 36,000 மைலுக்கான பழுதுக் காப்பீடு. கீழ் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்ததால் வழக்கு மேலும் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் உடனடியாக மாறியது விளம்பரம். எங்கள் கார்களில் நிறுவனத்தின் வெவ்வேறு பிரிவுகள் தயாரித்த எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருக்கும், விவரத்துக்கு விற்பனையாளரைக் கேளுங்கள் என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது.

அந்த வழக்கு பெயரைப் பற்றியது, பெயின்ட்டைப் பற்றியது அல்ல. ஆனாலும் அந்த மாடல் ஆண்டில்தான் எல்லா எஞ்சினும் நீலமானது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இதை ஏமாற்றும் சதி என்று சொல்ல எனக்கு மனமில்லை. யோசித்தால் தர்க்கம் எளிமையானது. ஒரே எஞ்சின் நான்கு பிராண்டுக்குள்ளும் போகப்போகிறது என்றால் அதற்கு எந்த நிறம் அடிப்பது? ஓல்ட்ஸ்மொபீல் காருக்குள் ஆரஞ்சு எஞ்சின் இருந்தால் வாங்குபவர் முதல் நாளே கேட்டுவிடுவார். நிறத்துக்கு இருந்த ஒரே வேலை, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வது. சொல்ல முடியாத நிலை வந்ததும் எல்லோருக்கும் ஒரே சீருடை.

சரி, வாடிக்கையாளர்கள் உண்மையில் ஏமாந்தார்களா? பொறியியல் பட்டதாரியாக யோசித்தால் இல்லை என்றுதான் தோன்றும். ஷெவர்லே 350 சோடைபோன எஞ்சின் கிடையாது. அமெரிக்கா தயாரித்தவற்றிலேயே அதிகம் நம்பப்பட்ட எஞ்சின்களில் ஒன்று. உதிரிபாகம் மலிவு. எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அதே கொள்ளளவு, அதே திறன். வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்தக் கேள்வியை இத்தனை வருடமும் வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ராக்கெட் எஞ்சின் தனி ரகம், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்று 1949-லிருந்து சொல்லிக்கொண்டே வந்தது அதே நிறுவனம். இருபத்தெட்டு வருடம் வித்தியாசத்தை விற்றுவிட்டு, ஒரு நாள் காலையில் வித்தியாசமெல்லாம் ஒன்றுமில்லை என்றால் எப்படி? ஒன்றுமில்லை என்பது உண்மையென்றால், முன்பு வாங்கிய கூடுதல் காசு எதற்கு? நிறுவனம் தன்னைக் காப்பாற்றச் சொல்லும் எந்தப் பதிலும் தன் பழைய விளம்பரத்தைப் பொய்யாக்கும். இந்த முடிச்சிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கடைசிவரை கௌரவமாக வெளியே வரவில்லை என்பது என் எண்ணம்.

நாம் இன்று பயன்படுத்தும் பொருட்களில் பாதி இப்படித்தான். இரண்டு பெயரில் விற்கும் போனுக்குள் ஒரே பலகை இருக்கும். இரண்டு செயலிகளுக்குப் பின்னால் ஒரே சர்வர் ஓடும். நாம் கோபப்படுவதில்லை, உள்ளே பார்ப்பதே இல்லை. 1977-ல் அவர்கள் கோபப்பட்டதற்குக் காரணம், உள்ளே பார்த்தால் அடையாளம் தெரியும் என்று பழகியிருந்தார்கள்.

நிறம் போன இடத்தில் ஸ்டிக்கர் வந்தது. 1977 முதல் 1979 வரையிலான பான்டியாக் டிரான்ஸ் ஆம் கார்களின் பானெட் மேல் ஒரு காற்றுத் திறப்பு இருக்கும். அதில் ‘டி/ஏ 6.6’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பான்டியாக்கின் சொந்த 400 எஞ்சினின் வீரியமான வடிவம். ‘6.6 லிட்டர்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஓல்ட்ஸ்மொபீலின் 403. இரண்டும் அதே 6.6 லிட்டர்தான். தெரிந்தவனுக்கு ஒரு சொல்லில் விஷயம் புரியும், தெரியாதவனுக்கு இரண்டும் ஒன்று.

இன்று அதற்குப் பெயின்ட் அடிப்பவர்கள்

அந்தப் பழைய எஞ்சின்களை மீட்டெடுக்கும் ஆட்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். அவர்களின் வேலை முறையைப் படித்தால் ஒரு கோயில் திருப்பணி போல இருக்கும்.

முதல் கேள்வி எந்த நிறம் என்பது. ஷெவர்லே ஆரஞ்சு என்று கடையில் டப்பா கிடைக்கும். ஆனால் அதிலேயே சிவப்பு தூக்கலான ஒன்று, மஞ்சள் தூக்கலான ஒன்று. ஆகவே வெயிலும் எண்ணெயும் படாத மூலைகளில் சுரண்டிப் பார்ப்பார்கள். எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில், முன்பக்கத்து மூடிகளின் விளிம்பில், பழைய நிறம் அசலாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சுத்தம். வேலையில் முக்கால்வாசி இதுதான். நாற்பது வருடப் பிசுக்கைக் கரைத்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மறுபடி கழுவி, கையால் தொடாமல் காய வைக்க வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது. சுத்தம் செய்த வார்ப்பிரும்பு சில மணி நேரத்திலேயே பழுப்பேற ஆரம்பிக்கும் என்பதால் உடனே பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு எஞ்சின் எனாமல். பொதுவாக 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். கனமாக ஒரே பூச்சு அடித்தால் வழியும், சூடானால் குமிழ் விடும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு சிலிக்கோன் கலந்த தனிப் பெயின்ட். அதை அடித்தால் மட்டும் போதாது. படிப்படியாகச் சூடாக்கி ஆறவிட்டால்தான் இறுகும்.

சிலர் உள்ளேயும் அடிப்பார்கள். கிளிப்டால் என்று ஒரு செங்காவி நிறப் பூச்சு. ஜெனரல் எலெக்ட்ரிக் மின் மோட்டார் சுருள்களுக்காக உருவாக்கியது. பந்தயக் கார்க்காரர்கள் அதை பிளாக்கின் உட்பக்கச் சொரசொரப்பில் பூசினார்கள். வார்ப்பில் மிஞ்சிய மணல் துகள் உதிராமல் இருக்கும், எண்ணெயும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. முழுக்க மறைந்துபோகும் அந்தப் பூச்சுதான் இந்தக் கதையில் வேலைக்காகவே நிறமேறிய ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பிசிறு. ஆலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள். ஸ்ப்ரே துப்பாக்கியோடு நிற்கும் தொழிலாளிக்கு ஒரு எஞ்சினுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். கேஸ்கெட் ஓரத்தில் படும், போல்ட் தலையில் படும், படக்கூடாத இடத்தில் கொஞ்சம் தெறிக்கும், எட்டாத இடம் வெறும் இரும்பாகவே போய்விடும். இன்று அசல் நிலையை விரும்புபவர்கள் அந்தப் பிசிறையும் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். கார்வெட் கார்களை மீட்டெடுப்பவர்களின் தேசிய சங்கம் 1974-ல் தொடங்கியது. கார் ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதுதான் அவர்களின் அளவுகோல். ரொம்ப அழகாக அடித்தாலும் மதிப்பெண் குறையும். அவசரத்தில் கை தவறிய ஒரு தொழிலாளியின் கையெழுத்து அது. பெயர் தெரியாத அந்த மனிதரின் அலுப்பை ஒருவர் வார இறுதியில் மணிக்கணக்காக உட்கார்ந்து பிரதி எடுக்கிறார்.

ஆனால் பெயின்ட்டை நம்பி யாரும் காசு கொடுப்பதில்லை. ஷெவர்லே பிளாக்கின் முன்பக்கம் வலது மூலையில் ஒரு சிறிய தளத்தில் எண் குத்தியிருக்கும். அது காரின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். விலை அதில்தான். அந்த எண்ணையே அழித்துவிட்டு மறுபடி குத்தும் மோசடியும் உண்டு. ஒரு டப்பா பெயின்ட் இருந்தால் எந்த எஞ்சினையும் எந்தக் குலத்திலும் சேர்த்துவிடலாம். நிறம் என்றுமே சான்றாக இருந்ததில்லை. அது ஒரு வாக்கு. வாக்கைக் காப்பாற்ற ஆள் இருக்கும்வரை அதற்கு மதிப்பு.

மிச்சம்

நீலத்துக்குப் பிறகு அந்த நான்கு எஞ்சின்களில் மூன்று வெகுநாள் நீடிக்கவில்லை. ப்யூக்கின் 350 1980-ல் நின்றது. பான்டியாக்கின் சொந்த வி-8 1981-ல். ஓல்ட்ஸ்மொபீலின் கடைசி வி-8, ராக்கெட்டின் பேரப்பிள்ளை, 1990 வரை தாக்குப்பிடித்தது. தப்பிப் பிழைத்தது ஷெவர்லே மட்டும். பெயர்கள் இன்னும் கொஞ்சகாலம் ஓடின. ஓல்ட்ஸ்மொபீல் 2004-ல் மூடப்பட்டது, பான்டியாக் 2010-ல். எஞ்சின் போன பிறகு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்த வருடங்கள் ஒரு கணக்கு.

எண்பதுகளில் எஞ்சின்கள் கறுப்பாயின. அலுமினிய பிளாக் வந்ததும் துருவும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. இன்று புதுக் காரின் பானெட்டைத் தூக்கினால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் பிராண்டின் பெயர். சத்தத்தைக் குறைக்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். அடியில் இருப்பது யாருடைய எஞ்சின், எந்த நாட்டில் செய்தது, வேறு எத்தனை பிராண்டுகளில் இதுவே ஓடுகிறது என்று அது சொல்லாது. சொல்லவும் வேண்டியதில்லை, நாம் கேட்பதில்லை. சிகாகோக்காரர் கேட்டார். மூடியைக் கழற்ற நான்கு கிளிப்தான் இருக்கும்.